புகை விடாத எஞ்சின்

— இன்னாடா அரிகரா, வந்ததும் வராததுமா மிசின சொருவுற? மொதல்ல இந்த வேட்டியப் பாரு. பம்புசெட்டு எஞ்சின் புகைக்குழா வாயில ஒரு மணி நேரம் கட்டி வச்சேன். கட்னதவிட வெளுப்பா இருக்குதா இல்லியா?

— இருக்குது மாமா. காலேஜ்ல கெஞ்சிக் கொண்டாந்த புகை அளக்குற மிசினு, ஒரு தபா பாத்துர்றேன்.

— பாரு, பாரு. வெறும் டீசல்ல ஓடனப்ப இது வுட்ட புகையில பாகூர் ஏரி கொக்கெல்லாம் காக்காவாப் பூடுச்சி. இப்ப முக்கா பங்கு சாண கேஸு, கா பங்கு டீசலு. ஆலை வேலையிலேர்ந்து ரிட்டயர் ஆயி அஞ்சு வருசமா இதான் பொழப்பு. எல்லாம் உங்க அத்த நெஞ்சுக்காவ. இந்தச் செவுத்துக்கு அந்தாண்டதான படுக்குறா. நாப்பது நாளா ஒரு இருமலு கெடையாது.

— கரி கொறைஞ்சிருக்குது, நெசந்தான். ஆனா கார்பன் மோனாக்சைடு எக்கச்சக்கமா காட்டுது மாமா. வெசக் காத்து. எரியாத கேஸும் அப்படியே வெளிய வருது.

— உன் மிசினுக்கு ஜொரம்.

— எஞ்சினுக்கு வேல பத்தல. பாரம் இல்லாம ஓடுனா கேஸு பாதிதான் எரியும். போர்ல தண்ணி எவ்ளோ வருது?

— அரைக் குழா. பைப்ப இன்னும் கீழ எறக்குனா உப்புத் தண்ணி.

— அப்ப கேஸக் கொறைங்க.

— கொறைச்சா கரி வருமேடா.

— வரும்.

— கூட்னா?

— கண்ணுக்குத் தெரியாதது வரும்.

— நிறுத்துனா ரெண்டு காணி நெல்லும் காயும்.

— எஞ்சினத் தள்ளியாவது வைங்களேன்.

— எங்க தள்ளுறது? சுத்தி பிளாட்டு போட்டு கல்லு நட்டுட்டான். நா திரும்பிப் படுத்தாலே அடுத்தவன் மனையில காலு போவுது. போவட்டும், உங்க அத்த இருமலியே, அது எந்த மிசின்ல காட்டும்? இரு, வால்வ மூடிட்டு வரேன். தனக்கொடி, இவனுக்கு மோரு குடு.

— இந்தாப்பா, குடி. அவரு வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்றேன். மிசினு தப்பாக் காட்டிடுச்சின்னு சொல்லிடு.

— ஏன் அத்த? செவுத்துக்கு அந்தாண்ட அந்த ரூம்ல படுக்காதீங்கன்னு சொல்ல வந்தேன் நானு.

— படுக்கலன்னா ஏன்னு கேப்பாரு. அஞ்சு வருசம் அந்த எஞ்சினுக்குள்ளயே கெடந்த மனுசன், இப்பத்தான் சிரிக்கிறாரு. நாப்பது நாளா இருமலு வந்தா நா சவுக்குத் தோப்புக்குள்ள போயி இருமிட்டு வந்துடுறேன்.