முடிவு பார்க்காத படம்

அந்தமானில், ஹேவ்லாக் தீவுக்குப் போகும் கப்பலுக்காக ஜெட்டியில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஐம்பது வயதைத் தாண்டிய இரண்டு நண்பர்கள். ஒருவர் மெயின்லேண்டில் தலையில் ஆபரேஷன் முடிந்து திரும்புகிறவர். தொப்பிக்கு அடியில் கட்டு தெரிந்தது. கூட வந்தவர் திடீரென்று கேட்டார்.

“அந்த இத்தாலி டைரக்டரோட மூணு கௌபாய் படத்துல எது பெஸ்ட்டு?”

தொப்பிக்காரர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். நண்பரே தொடர்ந்தார்.

“கடைசிப் படம்னுதானே எப்பவும் சொல்லுவே?”

“நான் எப்படா சொன்னேன்? ரெண்டாவதுதான். பக்கா.”

“அரே பாய், மூணாவது படத்து மியூசிக் முன்னாடி அது நிக்குமா?”

“மியூசிக் வேணும்னா ரேடியோ கேளு.”

எனக்கும் மூன்றாவதுதான் பிடிக்கும்.

“அந்த ரெண்டாவதுல நீ பாதிதானே பாத்தே. முடிவு தெரியாம எப்படி பெஸ்ட்டுங்கிறே?”

“அந்தாளு படத்துக்கு முடிவு எதுக்கு? சுடப்போறவன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே இருந்தாப் போதும். அதுவும் போக, அந்தப் படத்தோட ரெண்டாவது சிடியைச் சென்னையில மறந்து வச்சுட்டுக் கப்பல் ஏறினது யாரு? நீதானே?”

கேட்டவர் நாலடி தள்ளிப் போய் போனை எடுத்தார்.

“மதினி, உங்க வீட்டுக்காரனுக்கு ஞாபகம் தப்பலாம்னு டாக்டர் சொன்னாருல்ல, இனிமே அந்தப் பயம் வேண்டாம். இருபது வருசத்துக்கு முந்தி நான் விட்டுட்டு வந்த சிடிக்கு இன்னைக்கும் என்னை ஏசுறான்.”