பதினோரு சிங்கம், இரண்டு யானை

உங்கள் அலுவலகத்தில் தேநீர் நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் முகாமில் போடும் தேநீரில் புகை வாடை அடிக்கும். விருந்தினர்கள் அதை ஆப்பிரிக்காவின் மணம் என்பார்கள். அது ஈர விறகின் மணம்.

மெதுவாகவே சொல்கிறேன். எழுதிக்கொள்பவருக்கு அவசரம் வேண்டாம்.

லுவாங்வா ஆற்றங்கரை முகாமில் நான் ஆயுத அறைப் பொறுப்பாளன். வயது முப்பது. வனவிலங்குக் கல்லூரிப் பட்டயம், முதல் வகுப்பு. காலையில் காவலர்களுக்கு ஆளுக்கொரு துப்பாக்கியும் ஐந்து தோட்டாவும் ஜன்னல் வழியாகக் கொடுப்பேன். மாலையில் திரும்ப வாங்குவேன். காட்டில் நடந்து போகிற யாராக இருந்தாலும் கூட ஒரு காவலர் போக வேண்டும் என்பது விதி.

எந்தத் துப்பாக்கி யானையை நிறுத்தும் என்பதில் உலகத்தில் எல்லா ஆண்களுக்கும் ஒரு கருத்து உண்டு. எங்கள் விருந்தினர்களில் பல் மருத்துவர்கள் உண்டு, வீட்டுத் தரகர்கள் உண்டு. நெருப்பைச் சுற்றி உட்கார்ந்ததும் எல்லோரும் வேட்டைக்காரர்கள் ஆகிவிடுவார்கள். "நானூத்தி ஐம்பத்தெட்டுக் குழலுக்குக் கீழ எதுவும் கொசு அடிக்கத்தான் தம்பி" என்றார் ஒருவர். அன்று மதியம்தான் அவர் பல்லியைக் கண்டு நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தார்.

குழலின் அளவு அவ்வளவு முக்கியமில்லை. பத்தடி தூரத்தில் தோட்டாவின் முனைதான் முக்கியம். மென்முனைத் தோட்டா உடம்பில் பட்டதும் காளான் போல விரியும். சிங்கம் அந்த இடத்திலேயே படுத்துவிடும். கடினமுனை விரியாது, நேராகப் போய்க்கொண்டே இருக்கும். சிங்கத்தை அது துளைத்துக்கொண்டு போன செய்தி சிங்கத்துக்குத் தெரிய இரண்டு நொடி ஆகும். அந்த இரண்டு நொடியில் சிங்கம் நிறைய வேலை செய்யும். ஆனால் யானையின் நெற்றி எலும்பு தேன்கூடு மாதிரி, ஒரு முழம் கனம். அதைத் தாண்டி மூளையைத் தொடக் கடினமுனைதான் வேண்டும்.

நான் வருவதற்கு முன்னால் எல்லாக் காவலரும் ஐந்துமே கடினமுனையாகப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். ஏன் என்று கேட்டால், எப்போதும் அப்படித்தான் என்றார்கள். நான் மூன்று வருடப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். நடைபாதைகளில் மனிதர் மேல் பாய்ந்தவை பதினோரு சிங்கம், இரண்டு யானை. அதனால் மேலே ஒரு மென்முனை, கீழே நான்கு கடினமுனை என்று வரிசை அமைத்தேன். மேலே இருப்பதுதான் முதலில் வெடிக்கும். முத்திரை குத்தி ஆயுத அறைச் சுவரில் ஒட்டினேன். தலைமை அலுவலகம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. அதில் என் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள்.

யோட்டம் ஞிரெண்டா அந்தத் தாளை மூக்கு உரசுகிற தூரத்தில் நின்று படித்தான். நாற்பத்தாறு வயது. காவலர்களில் மூத்தவன்.

"பாஸ், சிங்கம் வந்தா சத்தம் போட்டே நிறுத்திடலாம். பாதிப் பேரு அப்படித்தான் பிழைச்சிருக்கோம். குட்டி வெச்சிருக்கிற யானைகிட்ட சத்தம் போட்டுப் பாருங்க."

"பதினோரு சிங்கம், ரெண்டு யானை. தாள் பொய் சொல்லாது யோட்டம்."

"தாள் சொல்லாது பாஸ். யானை அந்தத் தாளைப் படிச்சிருக்காதே, அதான் யோசிக்கிறேன்."

ஜன்னலுக்கு வெளியே என் மனைவி தவோங்கா சிரித்தாள். அவள் சுகாதார நிலையத்து நர்ஸ். செவ்வாய்க்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் நடந்து, மோப்பானே மரக்காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊருக்குக் குழந்தைகளை எடை போடப் போவாள். தராசை மரக்கிளையில் மாட்டி, குழந்தையைத் துணிப்பையில் தொங்கவிட்டுப் பார்ப்பாள். துணைக்குப் போவது யோட்டம்.

"பதினொண்ணுக்கு ரெண்டா? கால்பந்து ஸ்கோர் மாதிரி இருக்கு. பாவம், யானை டீம்" என்றாள்.

"இப்பதான் முதல் பாதி முடிஞ்சிருக்கு சிஸ்டர்" என்றான் யோட்டம்.

"டலிட்சோ, அவர் கேக்கிறதைக் குடுத்துடேன். என்கூட நடக்கப் போறது அவருதான், உன் தாள் இல்ல."

ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் விதி எதற்கு என்று கேட்டேன். அவள் தராசைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "கல்லூரிக்காரனைக் கட்டிக்காதேன்னு எங்கம்மா சொன்னாங்க" என்றாள். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அது அக்டோபர் மாதம். அடுத்த செவ்வாய்க்கிழமை.

மரக்காட்டில் பாதை திரும்புகிற இடத்தில் குட்டியோடு ஒரு பெண் யானை நின்றது. எட்டு அடி தூரத்தில் யோட்டம் சுட்டான். யானை தலையை ஒரு முறை உதறிவிட்டு வந்துகொண்டே இருந்தது. அவன் துப்பாக்கிப் பூட்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றிச் சுடுவதற்குள் அது தவோங்காவின் மேல் ஏறித் தாண்டிவிட்டது. இரண்டாவது தோட்டாவில் முழங்கால் மடங்கி விழுந்தது. இரண்டாவது நன்றாகவே வேலை செய்தது.

தராசு உடையவில்லை. இன்னமும் என் வீட்டில் இருக்கிறது.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். கோழிக்கறியும் ந்ஷிமாக் களியும் சாப்பிட்டார்கள். களி இன்னும் கொஞ்சம் கெட்டியாக இருந்திருக்கலாம் என்றார்கள். ஆயுத அறிக்கையை ஆயுதப் பொறுப்பாளர் எழுத வேண்டும் என்பது விதி. செத்தது அவருடைய மனைவியாக இருந்தால் வேறு யாராவது எழுதலாம் என்று விதியில் இல்லை. நான் எழுதினேன். முதல் தோட்டா குறி தவறியது, இரண்டாவது பட்டது. அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் என் தோளைத் தட்டி, "படிச்சவன் எழுத்து தனிதான்" என்றார்.

யானையை நானும் பார்த்தேன். நெற்றியில் இரண்டு துளை இருந்தது. ஒன்றைப் பழைய காயம் என்று குறித்தேன். அதில் ரத்தம் ஈரமாக இருந்தது. பழைய காயங்களும் சில நேரம் அப்படி இருக்கும்.

ஊர் வழக்கப்படி கறியை மக்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். தந்தங்களை இலாகா எடுத்துக்கொண்டது. மண்டையோடு மட்டும் காட்டில் கிடந்தது. அதை யார் சீண்டப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

ஊர் யோட்டத்துக்கு 'ரெண்டாவது' என்று பெயர் வைத்தது. சோளக் கள் விற்கிற பெண் எல்லோர் முன்னாலும் சொல்வாள்: "வா ரெண்டாவது. உனக்கு எப்பவும் ரெண்டு டம்ளரா ஊத்தணும். முதல் டம்ளர்தான் உன் வாய்க்குப் போய்ச் சேராதே." அவன் குடித்துவிட்டுப் போவான். பிறகு அங்கே போவதை நிறுத்திவிட்டான்.

பதினோரு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை மத்தியானம், ஆயுத அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான். சட்டைப் பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து மேசை மேல் அவிழ்த்தான். உள்ளே ஓர் ஈயத்துண்டு. காளான் மாதிரி விரிந்து, செப்பு இதழ்கள் பின்னால் சுருண்டிருந்தன.

"கோடாலி எடுத்துக்கிட்டுப் போனேன் பாஸ். ரெண்டு நாள் வெட்டினேன். எலும்புக்கு நடுவுல நின்னு போச்சு. மூளைக்கு இன்னும் நாலு விரல் இருந்துச்சு."

நான் பதிவேட்டை மூடி வைத்தேன்.

"நான் அடிச்சேன் பாஸ். எங்க அடிக்கணுமோ அங்கதான் அடிச்சேன்."

"என்ன வேணும் யோட்டம்?"

"உங்களைக் காட்டிக் குடுக்க வரல. நீங்க சின்ன வயசு, பெண்டாட்டியையும் பறி குடுத்துட்டீங்க. ஞாயித்துக்கிழமை வருஷ நினைவுக்கு சிஸ்டரோட கல்லறைக் கல்லைத் திறக்கிறோம்ல, அங்க எல்லாரும் பேசுவாங்க. நீங்களும் பேசுவீங்க. அப்ப ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. 'யோட்டம் குறி தவறல'ன்னு. ஏன் தவறலைன்னு கேட்டா நான் பார்த்துக்கிறேன்."

சரி என்றேன். அவன் நன்றி சொன்னான். கவனியுங்கள் ஐயா, அவன் எனக்கு நன்றி சொன்னான். அந்தத் துண்டை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். "என்கிட்டயே இருக்கட்டும் பாஸ், ஞாயித்துக்கிழமை கொண்டு வரேன்" என்று மறுபடியும் முடிந்துகொண்டான்.

ஒரே ஒரு வார்த்தை. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. தவோங்காவின் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவன் குறி தவறவில்லை என்றால், யானை ஏன் நிற்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அவர் பள்ளிக்கூடம் போகாதவர், ஆனால் அந்தக் கேள்விக்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை.

வியாழக்கிழமை ஒரு காட்டெருமை வந்தது. காலில் கண்ணிக் கம்பி இறுகிப் புழுத்துப்போய், ஆற்றோர நாணலுக்குள் படுத்துக்கொண்டு, தண்ணீருக்குப் போகிற பெண்களை விரட்டியது. அதைச் சுட மூத்த காவலர் போக வேண்டும். விதி.

நாணலுக்குள் நுழையும் ஆளுக்குத் தோட்டா தேர்ந்தெடுப்பது பொறுப்பான வேலை. நான் அவசரப்படவில்லை. அலமாரியின் அடித்தட்டில் ஒரு பெட்டி உண்டு. இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் ஆயுத அறைக்குள் வெள்ளம் வந்தபோது மூன்று வாரம் தண்ணீரில் கிடந்த சரக்கு. அழிக்க வேண்டும் என்று நானே சிவப்புச் சாயம் பூசி வைத்திருந்தேன். அழிக்க அனுமதி கேட்ட கடிதத்துக்குத் தலைமை அலுவலகம் இன்னும் பதில் போடவில்லை. அதிலிருந்து ஐந்தை எடுத்து மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். பித்தளை அழகாகப் பளபளத்தது.

ஜன்னலில் அவன் ஒவ்வொன்றாக வாங்கி முனையைப் பார்த்தான்.

"எல்லாமே கடினமுனையா பாஸ்?"

"எல்லாமே. நீங்க சொன்ன மாதிரியே."

சிரித்தான். "என் பேச்சைக் கேக்க உங்களுக்கு ஒரு வருஷம் ஆயிருக்கு. ஞாயித்துக்கிழமைக்கு வீட்டுக்காரி இப்பவே சட்டைக்கு இஸ்திரி போட்டு மாட்டிட்டா. கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு விறைப்பா போட்டதில்ல."

கூடப் போன காவலர் லாக்சன் கரையான் புற்றின் மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உங்களிடம் சொல்லியிருப்பான். கிளிக் என்று ஒரு சத்தம். யோட்டம் பூட்டை இழுத்தான். இன்னொரு கிளிக். மூன்றாவதுக்கு எருமை நேரம் கொடுக்கவில்லை.

உடலைக் கொண்டுவந்ததும் முதலில் நான்தான் ஓடினேன். துக்கம் தாங்காமல் கட்டிப்பிடித்தேன் என்று சொன்னார்களாம். சட்டைப் பையைப் பார்த்தேன். முடிச்சு இல்லை. அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஞாயிற்றுக்கிழமை கல் திறப்பு நடந்தது. நான் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்றார்கள். யோட்டம் நல்ல காவலர், அவர் குறியைப் பற்றி இன்று பேச வேண்டாம், மன்னிப்பதுதான் தவோங்காவின் குணம் என்றேன். சிலர் அழுதார்கள். அப்போது அவன் மனைவி ஜெலிப்பா எழுந்து வந்தாள். இடுப்புத் துணியிலிருந்து முடிச்சை அவிழ்த்து, ஈயத்துண்டைக் கல்லறைக் கல்லின் மேல், தவோங்கா பெயருக்குப் பக்கத்தில் வைத்தாள். "இது உங்க வீட்டுது. திருப்பிக் குடுத்துட்டேன்" என்றாள். இஸ்திரி போட்ட ஆண் சட்டை ஒன்றைக் கையில் மடித்து வைத்திருந்தாள். தவோங்காவின் அம்மா அந்தத் துண்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

மற்றது உங்களுக்குத் தெரியும். துப்பாக்கியில் மிச்சமிருந்த தோட்டாக்களின் அடி விளிம்புப் பள்ளத்தில் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது. நான் இன்னும் கவனமாகத் துடைத்திருக்க வேண்டும்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். யோட்டம் ஞிரெண்டாவை நான்தான் கொன்றேன். தெரிந்தே, தெளிவான மனதோடு. என் மனைவியைக் காப்பாற்றத் தெரியாதவன் அவன். குறி தவறுகிறவன் கையில் துப்பாக்கி இருப்பது எல்லோருக்கும் ஆபத்து. ஆயுதப் பொறுப்பாளனாக அதைக் கவனிப்பது என் கடமை.

மேசையில் நீங்கள் வைத்திருக்கும் அந்தத் துண்டை எனக்குத் தெரியும். கொஞ்சம் இப்படித் திருப்புங்கள். எவ்வளவு சீராக விரிந்திருக்கிறது பாருங்கள், பாடப்புத்தகப் படம் மாதிரியே. இதைத் தேர்ந்தெடுத்தவனை யாரும் குறை சொல்ல முடியாது.

இப்போது யானையின் கணக்கை மூன்று ஆக்க வேண்டும் என்பீர்கள். ஆக்கிக்கொள்ளுங்கள். பதினொன்றுக்கு மூன்று, ஐயா. அப்போதும் மேலே இருக்க வேண்டியது மென்முனைதான்.