மெலிந்த டோடோவும் என் பொறாமையும்

தலைமை ஏற்றிருக்கும் நகரசபைத் தலைவி திருமதி கோலெத் ராவினா அவர்களே! கடற்காற்றில் உரமேறிய பெரியோர்களே! சந்தைக் கூடையை மடியில் வைத்தபடியே வந்தமர்ந்த தாய்மார்களே! மாயேபூர் மக்களே! வணக்கம்.

சந்தைச் சுவர் ஓவியத்தைத் திறந்துவைக்க என்னை அழைத்தீர்கள். தகுதி உண்டா எனக்கு? கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

முப்பது ஆண்டுகளாக இவ்வூரில், நம் தீவில் அழிந்துபோன டோடோ பறவை என்றால் இந்தக் குர்பென் வரைந்த டோடோ! குண்டு வயிறு, குட்டைக் கால், குழம்பிய முகம். பேருந்திலே என் டோடோ, பேக்கரியிலே என் டோடோ... என்ன ஐயா? "எங்க கழிப்பறைக் கதவுலயும்" என்கிறீர்களா? ஆம், அதுவும் நான்தான்!

இந்தச் சுவருக்குப் போட்டி வைத்தார்கள். மீன்காரர் அசியின் மகள் மிரேலும் வரைந்தாள். மெலிந்த டோடோ, நிமிர்ந்த டோடோ, காட்டுக்குள் விரைந்து நடக்கும் டோடோ! கண்டேன், கொதித்தேன். என் ஓவியத்தைக் கடந்துபோன கூட்டம் அவள் ஓவியத்தின் முன் நின்றதே! அன்று சோறு இறங்கவில்லை எனக்கு.

நடுவர்களிடம் ஓடினேன். "இது டோடோ இல்லீங்க, கொக்கு! பழைய டச்சு ஓவியங்களப் பாருங்க, எல்லாம் குண்டு!" என்றேன். நம்பினார்கள். அவள் படத்தை ஒதுக்கினார்கள்.

மறுநாள் அவள் என் பட்டறை வாசலில் நின்றாள்.

"மாமா, கொக்குன்னு சொன்னீங்களாமே?"

"சொன்னேன். அதுக்கென்ன இப்போ?"

"சதுப்புல கெடச்ச டோடோ எலும்ப நாலு மாசம் அளந்தேன் மாமா. அந்தக் காலு அவ்ளோ கொழுப்பச் சொமக்காது. அந்த டச்சுப் படங்கள்ல நீங்க பாத்து வரைஞ்சது, கப்பல்ல கொண்டுபோய் கூண்டுல அடைச்சு, தீனி போட்டு ஊதவச்ச பறவையா இருக்கலாம்."

"அப்போ முப்பது வருஷமா நான் வரைஞ்சது?"

"கைதிய, மாமா."

போய்விட்டாள்.

உண்மையைச் சொல்லட்டுமா? அவள் அளவுகள் எனக்குத் தேவைப்படவே இல்லை. முதல் பார்வையிலேயே தெரிந்தது, அது உயிருள்ள பறவை என்று. தெரிந்தேதான் பொய் சொன்னேன்! அந்தப் பறவையை ஒருமுறை அழித்தவர்கள் கப்பலில் வந்தார்கள். மறுமுறை அழிக்கப் பார்த்தவனோ, இதே ஊரில் பிறந்தவன்!

அன்றே நடுவர்களிடம் திரும்பிப் போய், "பொறாமையில சொன்னேன், அவ வரைஞ்சதுதான் டோடோ" என்றேன். என் படத்தையும் சுருட்டிக்கொண்டு வந்தேன். இன்று இந்தத் திரைக்குப் பின்னால் இருப்பது அவள் டோடோதான்.

பொறாமை போய்விட்டதா? போகவில்லை, தாய்மார்களே! இந்தத் திரைக் கயிற்றை இன்னும் இழுக்காமல் பிடித்திருப்பதே அதனால்தான். இப்படி ஒரு பறவையை நான் ஏன் வரையவில்லை என்று இனி தினமும் இந்தச் சுவரைப் பார்த்து வேகத்தான் போகிறேன்!

மிரேல், மேலே வாம்மா. கயிற்றை நீ இழு.

பொறுமையோடு கேட்ட உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி. வணக்கம்!