ஹாலம் திருகிய உயரமானி

பெயர் கிளைவ் ரெட்ஃபெர்ன், வயது 51, தகப்பனார் பெயர் நார்மன், தொழில் டிராக்டர் பழுதுபார்க்கும் பட்டறை, விலாசம் மில் சந்து, தோர்ன்பி கிராமம், நார்ஃபோக், இங்கிலாந்து. காவல் நிலையத்துக்குத் தாமாக வந்து கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். போர்க்காலத்து ஸ்பிட்ஃபயர் விமானங்களை விமானக் காட்சிகளில் அணியாக ஓட்டும் குழுவில் நான் இரண்டாம் எண். தலைவர் ஜெஃப்ரி ஹாலம். மூன்றாம் எண் பிலிப்பா வென், கடந்த ஞாயிறு காட்சியில் விழுந்து இறந்தவள். அணியில் தன் இடத்தைவிட்டுத் தவறியதால்தான் அவள் விழுந்தாள் என்று ஹாலம் இங்கே எழுதிக் கொடுத்திருப்பதாக அவள் கணவர் ஓவன் என்னிடம் சொல்லி அழுதார். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதையாக இருக்கிறது. பொறுக்கமுடியாமல் வந்தேன்.

எங்கள் வழக்கப்படி பக்கத்து விமானிகள் தலைவருடைய இறக்கையை மட்டுமே பார்க்க வேண்டும். தரையையோ கருவிகளையோ பார்த்தால் தலைவரை நம்பவில்லை என்று அர்த்தம். முந்தின வாரப் பயிற்சியில் ஹாலம் செங்குத்து வட்டமடித்து இறங்கும்போது மிகவும் தாழ்ந்து வந்தார். அன்று முதலே எனக்குச் சந்தேகம். ஞாயிறு காலை தேநீர் குடிக்கும்போது கேட்டதற்கு, புல் வாசம் பிடிக்கப் போனேன் என்று சொல்லிச் சிரித்தார். பிலிப்பாவும் சேர்ந்துகொண்டு, "கிளைவுக்கு வயசாயிடுச்சு தலைவரே, இனிமே ஏணி மேலகூட ஏற விடாதீங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகு கடலோரத்து எங்கள் தளத்திலிருந்து கிளம்பி, குன்றின்மேல் இருக்கும் காட்சித் திடலுக்கு நேரே பறந்தோம். திடலின் தரை எங்கள் தளத்தைவிட நானூறு அடி உயரம். ஆகவே வழியிலேயே உயரமானியைத் திருகி, அந்தத் தரைக்குச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இல்லாத உயரத்தை முள் காட்டும். அதற்காகத் திடலிலிருந்து சொன்ன காற்றழுத்த அளவை ஹாலம் வானொலியில் திருப்பிச் சொன்னார். வாய் சொன்னதைக் கை செய்ததா என்பதுதான் என் சந்தேகம்.

அதன் பிறகு வட்டத்தின் உச்சியில் மூவரும் தலைகீழாக இருந்தபோது, முறையை மீறி என் உயரமானியைப் பார்த்தேன். வட்டத்தை முடிக்கப் போதிய உயரம் இல்லை. வானொலியில், "உயரம் பத்தாது, வெளிய வாங்க" என்று கத்திவிட்டு விமானத்தை நிமிர்த்தி விலகினேன். அதற்கு ஹாலம், "யாரும் எடத்தை விட்டு நகராதீங்க" என்றார். பிலிப்பா, "மூணு, எடத்துலதான் இருக்கேன்" என்றாள். பக்கத்து விமானங்கள் தலைவருக்குச் சற்றுக் கீழே பறப்பது எங்கள் முறை. ஹாலம் புல்லைத் தொட்டும் தொடாமலும் தப்பினார், அவள் தரையில் மோதினாள். எங்களுக்குள் பேசும் அலைவரிசை எங்கும் பதிவாவதில்லை என்பது ஹாலத்துக்கு நன்றாகத் தெரியும்.

அதன் பிறகு நானும் அவரும் அதே திடலின் ஓடுபாதையில் அடுத்தடுத்து இறங்கினோம். ஓடிப்போய் அவர் விமானத்தின் இறக்கைமேல் ஏறினேன். தீயணைப்பு வண்டி போன பக்கம் அவர் திரும்பவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, அந்தத் திடலின் அளவுக்கு அப்போதுதான் உயரமானியைத் திருகிக்கொண்டிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நீ எதுக்குடா உயரத்தைப் பாத்த? என்னை நம்பலியா?" என்றார்.

நம்பவில்லை என்றேன். பிலிப்பா நம்பினாள். அணியில் இடம் தவறியது நான் ஒருவன்தான், அதனால்தான் உயிரோடு வந்து இதைச் சொல்கிறேன். அவள் கடைசிவரை தன் இடத்திலேயே இருந்தாள்.

மேலே உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) கிளைவ் ரெட்ஃபெர்ன்