முகம் திருப்பி ஒட்டியவள்

செலண்டாரிலிருந்து மலாக்கா போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஐஸ் பெட்டியோடு ஒரு மாணவி. அவள் பக்கத்தில் இருந்த, ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுக்கார அம்மா கேட்டார்: “உள்ள மீனா?”

“என்சைம் ஆன்ட்டி. கார்பன் தகட்டுல ஒட்டியிருக்கேன். சர்க்கரைத் தண்ணியில வச்சா கரண்டு வரும்.”

“வருதா?”

“ஆறு மாசமா வரல. அதுக்கு வேலை செய்யற முகம் ஒண்ணுதான். அந்த முகம் தகட்டைப் பார்க்காம ஒட்டிக்கிச்சு. இப்பதான் திருப்பி ஒட்டினேன், வந்துருச்சு.”

“கண்ணுக்குத் தெரியுமா?”

“தெரியாதுலா.”

“நான் காலையில, மரத்துல கவுத்து வச்ச பால்மங்குக் கிண்ணம் ஒண்ணை நிமிர்த்த மறந்துட்டு பால் வெட்டிட்டேன், பால் பூரா தரையில. நீ கண்ணுக்குத் தெரியாததையே திருப்பியிருக்க!”

பஸ் குலுங்கியது. அம்மா பெட்டியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு கத்தினார்:

“டிரைவர் அண்ணே, மெதுவா ஓட்டுங்கலா! உள்ள எல்லாம் முகம் திரும்பிக்கப் போகுது!”