செவலைக்குக் கட்டிய காப்பு

நாகஜோதி: ஆட்டாத செவலை... தலைய நேரா வையி. கழுத்துப் பட்டைய மாட்ட வேணாமா? இன்னைக்கு ராத்திரி ஒனக்கு ராமநாதபுரம் நாய் விடுதியிலதான் படுக்கை.

தங்கப்பாண்டி: தெருவுல கெடந்த நாய்க்கு விடுதி! ஊரே சிரிக்கிது.

நாகஜோதி: சிரிச்சுட்டுப் போகட்டும். நீங்கதான மாமா சொன்னீக, நாய யாரு பாத்துக்குவா, நா எப்படி ஒன் ஆப்பரேசனுக்கு மதுரைக்கு வாரதுன்னு? அதான் ஒரு மாசமா இதப் பழக்கிக்கிட்டு அலையிறேன்.

தங்கப்பாண்டி: என்னத்தப் பழக்குன? நகத்த ஒட்ட வெட்டி விட்டுருக்க. மண்ணப் பறிக்காத நாயி ஒரு நாயா?

நாகஜோதி: மத்த நாய்களப் பிறாண்டுமாம். விடுதி நடத்துற அம்ரீன் புள்ளதான் வெட்டச் சொல்லுச்சு. ஊசி போடச் சொல்லுச்சு, போட்டாச்சு. உண்ணி எடுக்கச் சொல்லுச்சு, எடுத்தாச்சு. ஒரு பகல் விட்டுப் பாருங்கன்னுச்சு. நேத்து கொண்டுபோயி விட்டுட்டு, கடைசி பஸ்ஸுக்குல்ல கூட்டியாந்தேன்?

தங்கப்பாண்டி: கத்தித் தீத்துருக்குமே...

நாகஜோதி: நல்லாத் தின்னுட்டு ஒறங்குச்சு. நாந்தான் வெளிய உக்காந்து அழுதுக்கிட்டுக் கெடந்தேன்.

தங்கப்பாண்டி: ஒறங்குச்சா? ஏலே செவலை... நாங்க இல்லாம ஒனக்கு ஒறக்கம் வருதா?

நாகஜோதி: பொறாமையப் பாரு! சரி, அந்தப் பைய எடுங்க. பழைய சேல ஒண்ணு வச்சுருக்கேன். நம்ம வாசன இருந்தா பயப்படாதாம். கார்க்கார பிரபாகரன் இப்ப வந்துருவான். நீங்க இன்னும் வேட்டிகூட மாத்தல...

தங்கப்பாண்டி: அது என்ன அவசரம்...

நாகஜோதி: நாளைக்குக் காலையில ஆப்பரேசன். இதுல என்ன அவசரம்னு கேக்குறீக... இருங்க... மாமா, இங்கன வாங்க. இதுக்குக் கழுத்துல என்ன, மஞ்சக் கயிறு?

தங்கப்பாண்டி: எது?

நாகஜோதி: கொம்பு மஞ்சள வச்சு முடிஞ்ச கயிறு. காப்புக் கயிறு மாதிரில்ல இருக்கு?

தங்கப்பாண்டி: மாதிரி என்ன... காப்புத்தான். நேத்து ராத்திரி அம்மன் கோயில்ல காப்புக் கட்டியாச்சு. இதுக்கும் கட்டிட்டேன்.

நாகஜோதி: நாய்க்கா?

தங்கப்பாண்டி: உசுருதான அதுவும்? காப்புக் கட்டுன உசுரு ஊரு எல்லையத் தாண்டி ராத்தங்கக் கூடாதுல்ல. அதனால அது இங்கனதான் கெடக்கணும். அதுக்குத் தொணையா நா இருக்கேன். நீ ஒந்தங்கச்சியக் கூட்டிக்கிட்டு...

நாகஜோதி: நிறுத்துங்க! நேத்து ராத்திரி வந்ததும் கருவாட்டுத் தலையக் கடிச்சுத் தின்ன நாயி. அது வெரதமா? பூக்குழி எறங்கப் போகுதா? எங்கூட வர இஷ்டமில்லன்னா நேராச் சொல்லுங்க. நாய் முதுகுல ஏன் ஒளியிறீக?

தங்கப்பாண்டி: கத்தாத, பக்கத்து வீட்டுல...

நாகஜோதி: கேக்கட்டும்! கட்டுன பொண்டாட்டி வயித்தக் கிழிக்கப் போறாக, இந்த மனுசன் நாய்க்குக் காவல் இருக்காராம்னு ஊரே கேக்கட்டும்! எடுங்க அந்தக் கத்திரிய. அறுத்து எறியிறேன்.

தங்கப்பாண்டி: ஏ புள்ள, அறுக்காத! சாமி குத்தம்...

நாகஜோதி: பூசாரியா வந்து நாய்க்குக் கட்டுனாரு?

தங்கப்பாண்டி: இல்ல... நாந்தான். மிச்சக் கயிறு இருந்துச்சு...

நாகஜோதி: எதுல மிச்சம்?

தங்கப்பாண்டி: கார் வருதான்னு பாத்துட்டு வாரேன்...

நாகஜோதி: கேக்குறேன்ல, எதுக்குக் கட்டுனது போக மிச்சம்? விடிஞ்சதுலருந்து இந்தப் புழுக்கத்துல முழுக்கைச் சட்டை எதுக்கு? கைய நீட்டுங்க.

தங்கப்பாண்டி: ஜோதி... விடு...

நாகஜோதி: நீட்டுங்கங்கேன்! இந்தா, ஒங்க கையிலயும் காப்பு!

தங்கப்பாண்டி: ...பூக்குழி எறங்குறேன்னு வேண்டிருக்கேன். ஒனக்காகத்தான்.

நாகஜோதி: எனக்கா? எனக்காக நெருப்புல எறங்க முடியிது, ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி எம்பக்கத்துல உக்கார முடியலையா? சின்னக் கட்டி எடுக்குறதுக்கு எவனாச்சும் பூக்குழி எறங்குவானா?

தங்கப்பாண்டி: சின்னக் கட்டியா? நீ மருந்து வாங்கப் போன நேரத்துல டாக்டரம்மா என்னையக் கூப்புட்டுச் சொல்லிட்டாக. கேன்சர் கட்டியாம். வயித்தத் தொறந்து பாத்தாத்தான் எதுவும் தெரியுமாம். நா கும்புட வேற யாரு இருக்கா, சொல்லு? இந்தக் காப்ப மீறி வந்து ஒனக்கு ஒண்ணு ஆயிட்டா, நா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இந்த வீட்டுக்குள்ள நொழையிறது?

நாகஜோதி: ...எனக்கும் தெரியும் மாமா. எங்கிட்ட அதுக்கு மொதநாளே சொல்லிட்டாக. ஒங்களுக்குத் தெரிஞ்சா ஒடஞ்சு போவீகன்னுதான் சின்னக் கட்டின்னேன். என்னைய உள்ள தள்ளிக்கிட்டுப் போறப்ப வெளிய ஒங்க மூஞ்சி தெரியணும். அதுக்காகத்தான் இந்த நாயப் போட்டு இம்புட்டுப் பாடுபடுத்துனேன். ஆத்தாளுக்குக் கோவம் வந்தா நா திரும்பி வந்து கால்ல விழுந்து கேட்டுக்கிறேன்... கெளம்புங்க. எனக்குப் பயமா இருக்கு.