விபத்தில்லாத நாட்கள்

"விழுந்தவங்களும் மறுபடி ஒண்ணுலேர்ந்துதான் ஆரம்பிக்கணுமாப்பா?" என்று என் மகள் ஒருமுறை கேட்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. அப்பா வேலை செய்யும் கட்டடத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்து வந்திருந்தாள். வாசலில் ஒரு பச்சைப் பலகை. 'விபத்தில்லாத நாட்கள்' என்று எழுதி, கீழே ஆணிகளில் எண் தகடுகளை மாட்டியிருப்போம். யாராவது விழுந்து அடிபட்டால் பூஜ்யம் போட்டு, முதலிலிருந்து எண்ண வேண்டும். இதை விளக்கியபோதுதான் அவள் அப்படிக் கேட்டாள். சிரித்துவிட்டு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

மேஸ்திரி போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மைதான், ஐயா. நான் சொன்னால் இன்னும் கோர்வையாக இருக்கும்.

சாதாரண மேற்பார்வையாளனாகச் சேர்ந்தவன் நான். இருபது வருடத்தில் மேலாளர் ஆனேன். ஆட்களுக்கு மாடிக்கு மாடி குளிர்ந்த தண்ணீர் வைத்தேன். யார் வீட்டுப் பிள்ளை எந்த வகுப்பு என்பதுகூட எனக்கு அத்துப்படி.

சாரம் கட்டுகிற ஒருவர் இருந்தார். ஓயாமல் சீட்டியடிப்பதால் எல்லோருக்கும் அவர் 'விசில் அண்ணன்'. நான் சேர்ந்த முதல் வாரம், கட்டாத பலகையில் கால் வைத்துச் சரிந்தேன். என் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தியவர் அவர்தான். "என்ன தம்பி, லிஃப்ட் வைக்கிறதுக்குள்ள எறங்கப் பாக்குறீங்க?" என்றார். அன்று முதல் அவருக்கு நான் கடன்பட்டவன்.

அந்த வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு அவர் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தார். கட்டடத்தின் பின்பக்கம். பார்த்தது மேஸ்திரி மட்டும். பலகையில் எண் 611. திங்கட்கிழமை கம்பெனி இயக்குநர்கள் வந்து, கேடயம் கொடுத்து, என்னைத் தலைமை மேலாளராக அறிவிப்பதாக இருந்தது.

அண்ணனுக்கு நினைவு இருந்தது. என் மேல்சட்டையை மடித்து அவர் தலைக்கு வைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சார், ஆம்புலன்ஸ் கூப்பிட்டுடவா?" என்றார் மேஸ்திரி.

"கொஞ்சம் பொறுங்க. அஞ்சு மணிக்கு ஆளுங்க கெளம்பட்டும்."

"மூச்சு வாங்குது சார் அவருக்கு."

"நான்தான் பக்கத்துலயே இருக்கேனே."

அண்ணன் மேஸ்திரியைப் பார்த்து, "பயப்படாதப்பா. தம்பி இருக்காரு, பாத்துக்குவாரு," என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஐந்து பத்துக்கு வாசல் காலியானது. அவருடைய தலைக்கவசத்தையும் வேலைக் காலணிகளையும் நானே வலிக்காமல் கழற்றினேன். தெருவில் நடந்து போகிறவர் அதையெல்லாம் போட்டிருக்க மாட்டார். இருவருமாகத் தூக்கிப்போய்ப் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் கிடத்தினோம். ஏதோ வண்டி இடித்துவிட்டுப் போய்விட்டதாகச் சொல்லி ஆம்புலன்ஸை அழைத்தேன். அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் மருத்துவர். மருத்துவர்கள் எப்போதும் அப்படி ஏதாவது சொல்வார்கள்.

ஞாயிறு பிற்பகல் தனியாக வேலையிடத்துக்குப் போனேன். ஈ காக்காய்கூட இல்லை. கடவுளைக் கும்பிட்டுவிட்டு, மூன்று தகடுகளையும் கழற்றி, ஒற்றைப் பூஜ்யத்தை மாட்டினேன். அதன் முன்னால் வெகுநேரம் தலைகுனிந்து நின்றேன். அண்ணனுக்குச் செய்ய வேண்டியதை, யாருக்கும் தெரியாமல், ஒரு பெருமைக்கும் ஆசைப்படாமல் செய்துவிட்டேன். மனசு லேசாகிவிட்டது. வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை, ஆட்கள் வருவதற்கு முன்பே போய் 614 மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும், ஐயா. அன்றும் யாரும் விழவில்லை.